துண்டு முறை முதல் முகிற் களஞ்சியம் வரை

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் குறித்து முறையிட எவருக்கும் உரிமை இல்லை என்பது இன்று கற்றோரிடத்தும் மற்றோரிடத்தும் ஒருங்கே நிலவும் கருத்தாகும். கைத்தொலைபேசியிலுள்ள பெயர்களையும் இலக்கங்களையும், நாட்குறிப்புகளையும் நிழற்படங்களையும் தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணினியில் சேர்த்து வைக்கும் ஒத்திசைவுச் சேவை ஒன்று மூடப்படும்போது, "கொடுத்தவன் எடுத்துக்கொண்டான், வேறொன்றைத் தேடிக்கொள்வோம்" என்று கூறி அமைதியடைவோர் பலர். இக்கருத்து பிழையானது. மலையகத் தமிழ் மக்களைப் பொறுத்தவரை அது ஆபத்தானதும் ஆகும். பதிவை இழந்த ஒரு மக்கட்கூட்டம் அதனோடு எவற்றையெல்லாம் இழக்க நேரும் என்பதை இந்நாட்டில் அவர்களைவிட நன்கறிந்தவர் இலர்.

ஒத்திசைவு என்னும் ஏற்பாடு

ஒத்திசைவு என்பது யாது? ஒரே பதிவேட்டின் இரு பிரதிகளை இரு இடங்களில் வைத்து, ஒன்றில் நிகழும் மாற்றத்தை மற்றதிலும் தானாக ஏற்றுவதே அது. தொடக்கத்தில் ஒவ்வொரு கைத்தொலைபேசி உற்பத்தியாளனும் தனக்கென ஒரு முறையைக் கையாண்டான். 2000ஆம் ஆண்டில் நொக்கியா, எரிக்சன், மோட்டரோலா, ஐ.பி.எம். முதலிய நிறுவனங்கள் இணைந்து சிங்க்எம்எல் என்னும் பொது நியமத்தை உருவாக்கின. பின்னர் அதன் இடத்தைப் பெருநிறுவனங்களின் முகிற் களஞ்சியங்கள் பெருமளவிற்குப் பிடித்துக்கொண்டன.

கொத்மலைப் பிரதேசத்தின் பூண்டுலோயா, இறம்பொடை, தவலந்தென்ன ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இவ்வேற்பாட்டின் பொருள் என்ன என்பதை நோக்குதல் தகும். முன்னர் லயத்து அறையின் மூலையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு யாவும் அதனுள் அடங்கின. இன்று அப்பெட்டியின் பணியைக் கைத்தொலைபேசி ஏற்று வருகின்றது. சம்பளச் சீட்டு படமாக எடுத்து வைக்கப்படுகின்றது. கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் மகனது இலக்கமும், மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் தாயின் இலக்கமும் வேறெங்கும் எழுதப்படுவதில்லை. ஆயின் தகரப்பெட்டிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெட்டியின் திறப்பு வீட்டாரிடம் இருந்தது. புதிய களஞ்சியத்தின் திறப்போ, அவர்கள் ஒருபோதும் காணாத ஒரு கொம்பனியிடம் இருக்கின்றது.

மூடப்பட்ட கதவுகள்

அக்கொம்பனி கதவை மூடாது என்று நம்புவோர் வரலாற்றை நோக்கவேண்டும். அமெரிக்காவில் சைட்கிக் என்னும் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தியோரின் தரவுகள், மைக்ரோசொப்டுக்குச் சொந்தமான டேஞ்சர் நிறுவனத்தின் சேவையகங்களில் இருந்தன. 2009 ஒக்டோபரில் அச்சேவையகங்கள் செயலிழந்தபோது, மின்கலத்தைக் கழற்ற வேண்டாம், மின்னேற்றம் தீர்ந்துபோக விடவேண்டாம் என்று பாவனையாளர் எச்சரிக்கப்பட்டனர். கருவி ஒருமுறை அணைந்தால் அதிலுள்ள பெயர்களும் அழிந்துவிடும் என்பதே காரணம். பின்னர் பெரும்பகுதி மீட்கப்பட்டது எனினும், தன் கையிலுள்ள கருவியின் நினைவுகூடத் தன்னுடையதன்று என்ற உண்மையை அந்நாட்கள் உணர்த்தின.

விபத்தினாலன்றி, வணிகத் தீர்மானத்தினாலும் கதவுகள் மூடப்பட்டன. அப்பிள் நிறுவனம் தனது மொபைல்மீ சேவையை 2012 ஜூன் 30ஆம் திகதி நிறுத்தியது. முகவரிகளும் நாட்காட்டிகளும் புதிய சேவைக்கு மாற்றப்பட்டன. கோப்புக் களஞ்சியமும் நிழற்படக் காட்சியகமும் மாற்றப்படவில்லை. எச்.பி. நிறுவனம் வெப்ஓஎஸ் கருவிகளுக்கான முகிற் சேவையை 2015 ஜனவரி 15ஆம் திகதி நிறுத்தியது. பிளக்பெரி தனது பழைய கருவிகளுக்கான சேவைகளை 2022 ஜனவரி 4ஆம் திகதியுடன் கைவிட்டது.

இவற்றுள் மிகுந்த படிப்பினை தருவது கூகிள் சிங்க் என்னும் சேவையின் கதையாகும். 2013 ஜனவரி 30ஆம் திகதியின் பின் இலவசப் பாவனையாளர் புதிய கருவிகளை அதில் இணைக்க இயலாது என்று கூகிள் அறிவித்தது. பணம் செலுத்தும் நிறுவனங்களுக்கு அது தொடர்ந்தது. கார்ட்டாவ், கல்டாவ் என்னும் திறந்த நியமங்களை அறிந்திருந்த கருவிகளை வைத்திருந்தோர் எளிதில் அம்மாற்று வழிக்குச் சென்றனர். அவற்றை அப்போது அறியாதிருந்த விண்டோஸ் கைத்தொலைபேசியை வைத்திருந்தோரின் நிலையோ வேறு. இரு பெருங்கொம்பனிகளும் பேசித் தீர்த்து, 2013 ஜூலை 31 வரை தவணை நீடித்த பின்னரே அவர்களுக்கு மூச்சு வந்தது. பொது மொழி அறிந்தவன் தானே நடந்து சென்றான், அறியாதவன் இரு எசமானர்களின் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்துக் கிடந்தான். இப்பொருள் பற்றிய முழு வாதமும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கும் எனின் மிகையாகாது.

இந்நிலை அந்நியக் கொம்பனிகளுக்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்க முகிலின் மீது நடத்தப்பட்ட கப்பத் தாக்குதலில், ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் அன்றுவரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. முகிலோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டமையால் அக்காலப் பகுதிக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஒத்திசைவு வேறு, காப்பு வேறு என்னும் அடிப்படைப் பேதம் இதனால் விளங்கும். ஒரு பிரதியில் நேரும் அழிவை மற்றதிலும் பணிவுடன் எழுதிவைப்பதே ஒத்திசைவின் இயல்பு. இணைப்பிலிருந்து விலக்கி, தனித்து வைக்கப்பட்ட பிரதியே காப்பாகும்.

துண்டு முறையின் பாடம்

மலையக வரலாற்றில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் எவ்வளவு என்பது துண்டுச் சீட்டில் குறிக்கப்படும். அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றித் தொழிலாளி பழைய தோட்டத்தை விட்டு விலக இயலாது. கணக்கை எழுதியவன் ஒருவன், கணக்கிற்குக் கட்டுப்பட்டவன் மற்றொருவன். ஏட்டில் உள்ளது சரியா பிழையா என்று வினவும் வலிமை அவனிடம் இல்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் தோட்டத் தொழிலாளரின் அடிமைநிலைக்கு எதிராகக் குரல் எழுப்பிய காலப் பின்னணியில், 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துரைமாரின் தயவினால் அது மறையவில்லை.

துண்டு ஒழிந்தபின்னும் ஏட்டின் ஆட்சி ஒழியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நிகழாத லயங்களில் பூட்டனின் சான்றிதழுக்கு எங்கு போவது? 1949ஆம் ஆண்டின் சட்டமோ தொடர்ச்சியான வதிவிடத்தை நிரூபிக்கும்படி பணித்தது. அச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. உழைத்த காலத்தின் பதிவு தோட்டத்துச் செக்ரோலில் கிடந்தது, உழைத்தவன் கையில் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர் விடிவு பெற 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

கைத்தொலைபேசியின் முகவரி ஏட்டைக் குடியுரிமையோடு ஒப்பிடுவது மிகையென்று சிலர் நகைக்கக்கூடும். இழப்பின் அளவு ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் உறவின் அமைப்பு ஒன்றே. தன் பதிவைத் தானே வைத்திராதவன், அதை வைத்திருப்பவனின் விருப்பிற்கு ஆளாகிறான். தன் பதிவை எடுத்துக்கொண்டு வேறிடம் செல்ல இயலாதவன் குத்தகையாளன்கூட அல்லன், துண்டுக்காரன்.

எதிர்வாதங்கள்

பணம் கொடாதவன் கேள்வி கேட்கலாகாது என்பது முதலாவது வாதம். பாவனையாளன் பணம் கொடுக்கவில்லை என்பது உண்மையன்று. அவனது தொடர்புகளும் பழக்கவழக்கங்களும் விளம்பர வணிகத்தின் மூலப்பொருளாகின்றன. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுபவளுக்கு அதன் ஏல விலை தெரியாதது போல, தன் தரவு என்ன விலை போயிற்று என்பது அவனுக்குத் தெரிவதில்லை. அவ்வளவே.

பெரிய கொம்பனி அழியாது என்பது இரண்டாவது வாதம். மேலே கூறிய சேவைகளை நிறுத்திய கொம்பனிகள் பல இன்றும் செழிப்புடனேயே இருக்கின்றன. அழிந்தது கொம்பனியன்று, சேவையே. இலாபம் தராத தோட்டத்தைக் கைவிடும் நிருவாகத்திற்கும் இலாபம் தராத சேவையைக் கைவிடும் நிருவாகத்திற்கும் கணக்கு ஒன்றுதான்.

அப்படியாயின் முகிலையே விட்டொழித்துப் பழைய தகரப்பெட்டிக்குத் திரும்புவோம் என்பது மூன்றாவது வாதம். இதுவும் ஏற்புடையதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அத்தகைய மண்சரிவில் பெட்டியும் புதையும், தொலைபேசியும் புதையும். தொலைவில் ஒரு பிரதி இருத்தல் அவசியம் என்பதையே இத்துயரம் கற்பிக்கின்றது. ஆகவே முகில் வேண்டுமா வேண்டாமா என்பதன்று வினா. முகிலில் உள்ளது ஒரே பிரதியாக இருக்கலாமா என்பதே வினா. இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதையாக அது முடியலாகாது.

மாற்று வழிகள்

மாற்று எது என்று வினவுவோர் பெரும்பாலும் ஒரு கொம்பனிக்குப் பதிலாக வேறொரு கொம்பனியின் பெயரையே எதிர்பார்க்கின்றனர். கங்காணியை மாற்றுவது விடுதலையாகாது. முதலில் வேண்டுவது பொது வடிவம். தொடர்புகளை விகார்ட் என்னும் வடிவிலும், நாட்காட்டியை ஐகலெண்டர் என்னும் வடிவிலும் ஒரு கோப்பாக வெளியே எடுக்கலாம். எந்தக் கருவியும் அவற்றை வாசிக்கும். சாதாரணக் கைத்தொலைபேசியிலேயே இதற்கான வசதி உண்டு. அக்கோப்பையும் ஆவணப் படங்களையும் ஒரு சிறு நினைவட்டையில் மாதம் ஒருமுறை பதிந்து வைத்தல் எவருக்கும் இயலும். முக்கியமான பத்து இலக்கங்களைக் கொப்பி ஒன்றில் எழுதி வைப்பதும் இழிவன்று.

அடுத்தது திறந்த மூல மென்பொருள். நடுவே கொம்பனியின் களஞ்சியம் எதுவுமின்றிக் கருவிக்கும் கருவிக்குமிடையே கோப்புகளை ஒத்திசைப்பது சிங்க்திங். சொந்தச் சேவையகத்தில் முகவரிகளையும் நாட்காட்டிகளையும் பேண உதவுவது நெக்ஸ்ட்கிளவுட். இவையும் சாகாவரம் பெற்றவையல்ல. சிங்க்திங்கின் அதிகாரபூர்வ அன்ட்ரொய்ட் செயலியின் பணி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் மூலநிரல் பொதுவில் இருந்தமையால் வேறு சிலர் அதிலிருந்து கிளைத்த செயலியைத் தொடர்ந்து பேணினர். பாவனையாளரின் கோப்புகள் அவர்களது கருவிகளிலேயே இருந்தன. மூடிய சேவையின் முடிவிற்கும் திறந்த மென்பொருளின் முடிவிற்கும் உள்ள பேதம் இதுவே.

தனி மனிதனால் சேவையகம் பேண இயலாது என்பது மெய். அவ்விடத்தில் கூட்டு முயற்சி வேண்டும். கொத்மலைக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. மகாவலித் திட்டத்தின் வழிவந்த கொத்மலைச் சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணைய இணைப்பைப் பெற்றது. நேயர்கள் அறிய விரும்பியவற்றை இணையத்தில் தேடி, அவர்களது மொழியில் ஒலிபரப்பியது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் பயன்படுத்த இணைப்பு வழங்கப்பட்டது. கணினியே அரிதாயிருந்த நாளில், ஓர் இணைப்பை ஊர் முழுதும் பகிரலாம் என்று அது உலகிற்குக் காட்டியது. ஆனால் அதன் மொழி பெரும்பாலும் சிங்களமாகவே இருந்தது. அதே மலைகளில் வாழ்ந்த தோட்டத் தமிழர் அதன் விளிம்பிலேயே நின்றனர். கூட்டு முயற்சி இயலும் என்பதும், அதில் தம் மொழிக்கு இடம் கோராதோர் வெளியே நிற்பர் என்பதும் அதன் இரு பாடங்களாகும்.

நூலகங்கள், பாடசாலைகள், தொழிற்சங்கக் காரியாலயங்கள், இளைஞர் மன்றங்கள் ஆகியவற்றில் இத்தகைய சேவையகம் ஒன்றை வைப்பது நடவாத காரியமன்று. ஒவ்வொரு குடும்பத்தின் பதிவும் அக்குடும்பத்தின் கடவுச்சொல்லால் மட்டுமே திறக்கும்படி பூட்டப்படவேண்டும். இன்றேல் கொம்பனியின் இடத்தில் சங்கத் தலைவர் அமர்வார். பல்கலைக்கழகங்களில் கணினி பயிலும் மலையக மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது செய்யக்கூடிய பணி இது. கலைப்பீட மாணவர் அதன் வழிகாட்டிகளைத் தோட்டத்து மக்களுக்கு விளங்கும் தமிழில் எழுதலாம்.

இவற்றோடு சட்டமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் உறுப்புரை, தன் தரவை இயந்திரம் வாசிக்கும் வடிவில் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையை அளிக்கின்றது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அணுகவும் திருத்தவும் அழிப்பிக்கவும் உரிமை கூறுகின்றது. எடுத்துச் செல்லும் உரிமை அவ்வரிசையில் இடம்பெறவில்லை. துண்டு முறையின் கொடுமையை அனுபவித்த ஒரு நாட்டின் சட்டத்தில் இக்குறை இருத்தல் நாணத்தக்கது. ஒரு சேவை மூடப்படுமுன் போதிய தவணையும், பாவனையாளனின் மொழியில் அறிவித்தலும், பொது வடிவில் முழுப் பிரதியும் வழங்கப்படவேண்டும் என்று தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கோரவேண்டும்.

பாட்டன் தன் வதிவிடத்தை நிரூபிக்கத் தோட்டக் காரியாலயத்தின் வாசலில் நின்றான். பேரப்பிள்ளை தன் தாயின் தொலைபேசி இலக்கத்தை மீட்க, முகமறியாக் கொம்பனியின் வாசலில் நிற்கும் நிலை வரலாகாது. அதனைத் தடுக்கும் அறிவும் கருவியும் இன்று இத்தலைமுறையின் கையில் உள்ளன. பதிவைத் தம் கையில் வைத்திருக்கும் மக்களையே எவரும் எளிதில் கணக்கிலிருந்து நீக்க முடியாது.