தேய்மானக் கணக்கு

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் தேய்மானம்தான் ஞாபகம் வரும். ஆபீஸ் நாற்காலி, மின்விசிறி, மேனேஜரின் பொறுமை... எல்லாவற்றிலும் வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே இருப்போம். தினமும் ஏறி உட்காரும் ஸ்கூட்டருக்கு மட்டும் யாரும் கழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தால்தானே கழிக்க! எல்லாவற்றையும்தான் மூடி வைத்திருக்கிறார்களே.

இந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. 1946-ல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ ஒரு விமான இன்ஜினீயர். மோட்டார் சைக்கிள் என்றாலே அவருக்கு ஆகாது. செயின் எண்ணெய் உடுப்பில் ஒட்டும், பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவதற்குள் பிராணன் போகும். அதனால் இன்ஜினைத் தகடு போட்டு மூடினார். ஆக, மூடி வந்தது நம் பேண்ட்டைக் காப்பாற்ற. இன்ஜினை யார் காப்பாற்றுவது என்பதை நம்மிடமே விட்டுவிட்டார்.

இந்த மூடும் ஆசை முற்றிப்போய், 2000-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 'சி1' என்று ஒரு ஸ்கூட்டர் விட்டது. தலைக்கு மேல் கூரை, முன்னால் கண்ணாடி, அதைத் துடைக்க வைப்பர், சீட் பெல்ட் எல்லாம் உண்டு. ஓட்டுகிற ஆளையே மூடிவிட்டார்கள்! ஜெர்மனியில் ஹெல்மெட் வேண்டாம் என்று சலுகை கிடைத்தது. பிரிட்டன் 'அதெல்லாம் முடியாது' என்றுவிட்டது. 2002-ல் தயாரிப்பே நின்றுபோனது. அதே பி.எம்.டபிள்யூ. 2013-ல் டி.வி.எஸ்.ஸோடு கை கோத்து, பிற்பாடு 310 சிசி பைக்குகளை நம் ஓசூரிலேயே தயாரிக்க ஆரம்பித்தது. ஓசூர் வெயிலுக்குக் கூரை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்; ஆனால் இந்த பைக்குகளுக்குக் கூரை கிடையாது.

நான் இருப்பது சானமாவு. ஓசூர் ஆபீஸுக்கு தினமும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர் பயணம். முன்னால் கிரானைட் லாரி, பின்னால் கன்டெய்னர், பக்கத்தில் காடு. ராகி விளையும் பருவத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் வந்து சானமாவு காட்டில் முகாம் போடும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு நாம் வீடு திரும்புகிற நேரமும், அவை வயலுக்குக் கிளம்புகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. அந்த ரோட்டில் கிளம்புவதைவிட நிற்பது முக்கியம்.

எங்கள் மெக்கானிக் தமிழில் விலை சொல்லி, கன்னடத்தில் பேரம் பேசி, தெலுங்கில் கடைப் பையனைத் திட்டுகிறவர். "சார், பைக்குன்னா செயின் தொங்குறது தெரியும். இது பொட்டி. தொறந்து பார்த்தாதான் சங்கதி" என்பார். அந்தப் பெட்டியைத் திறந்தால் மூன்று கணக்குகள்.

முதல் கணக்கு, பெல்ட். 1980-களில் கைனடிக் ஹோண்டா வந்து கியர் போடுகிற வேலையை ஒழித்தது. அந்த வேலையை இன்றைக்கும் இடது பக்க மூடிக்குள் ஒரு ரப்பர் பெல்ட்தான் செய்கிறது. ஓட ஓட அதன் அகலம் குறையும். இழுவை குறைந்து, கிளம்பும்போது வண்டி உதறும். அப்புறம் ஒருநாள் அறுந்துபோகும். இன்ஜின் அலறும், சக்கரம் அசையாது. எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புஸ்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தப் புஸ்தகம் சீட்டுக்கு அடியில், இன்னும் பாலிதீன் உறைக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, ஏர் ஃபில்டர். நம் ஊர் கிரானைட் தூள் மாவு மாதிரி நைஸ். ஃபில்டர் அடைத்தால் இன்ஜின் மூச்சு முட்டி, பெட்ரோலை அதிகம் குடிக்கும். சிலர் பெட்ரோல் பங்கில் காற்றடித்து ஊதிவிட்டு மறுபடி மாட்டிவிடுகிறார்கள். இப்போது பல வண்டிகளில் வருவது எண்ணெய்ப் பசை தடவிய காகித ஃபில்டர். அதை ஊதக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். தூசி அதிகமான ரோடு என்றால் புஸ்தகம் சொல்கிற கெடுவுக்கு முன்பே.

மூன்றாவதுதான் முக்கியம்: பிரேக். டிரம் பிரேக்கில் ஷூ தேய்ந்தால் லீவர் தொளதொள என்று ஆகும். உடனே கேபிள் முனையில் இருக்கிற நட்டை இரண்டு சுற்று முறுக்குவோம். பிரேக் 'கிக்' என்று பிடிக்கும், மனசு குளிரும். ஆனால் உள்ளே ஷூ தேய்ந்தது தேய்ந்ததுதான். நஷ்டத்தை மறைத்து பாலன்ஸ் ஷீட்டை அலங்காரம் பண்ணுவதை எங்கள் தொழிலில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்போம். அந்த நட்டு அதைத்தான் செய்கிறது.

உண்மை நிலவரம் தெரிய வழி இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில், சக்கரத்தின் பக்கத்தில் பிரேக் கேபிள் இழுக்கும் ஆர்ம் அருகே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாகப் பிடித்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்பு எதிரேயுள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. இதைப் பார்க்க ஸ்பானரே வேண்டாம். மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் ஒரே லீவரில் இரண்டு பிரேக்கும் பிடிக்கிற ஏற்பாடோ, ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயம். அதற்காக ஷூ தேயாமல் இருக்குமா?

"நான் எலெக்ட்ரிக் வாங்கிட்டேன்யா, மெயின்டெனன்ஸே கிடையாது" என்கிறார் எதிர் சீட் நண்பர். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று நம் மாவட்டமே பேட்டரி ஸ்கூட்டரில் ஓடுகிறது. இன்ஜின் ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, வாஸ்தவம். பிரேக்கும் டயரும் அதிலும் உண்டு ஐயா!

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி சீட்டுக்கு அடியில் போடுங்கள். பெல்ட், ஃபில்டர், ஷூ மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். பிரேக் நட்டை முறுக்கினால் அதற்கும் ஒரு வரி. ஆடிட்டர் வருவதற்கு முன்னால் தேதி சொல்லிவிட்டு வருவார். சானமாவு யானைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.