மைக்கூட்டிலிருந்து வந்த கோப்பைத் தலையன்

போன மே மாத விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். 13 வயது. வந்த இரண்டாம் நாளே எனக்கும் அவனுக்கும் சண்டை. காலை 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தவன் பதினொன்றரை வரை அசையவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை "செத்தேன், செத்தேன்" என்று வேறு கத்திக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டில் என்ன வார்த்தை இது என்று நான் அதட்டினேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுப்படியிலிருந்து என் மனைவி, "நீங்க ரிட்டையராகி எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை மூடலையா?" என்றாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேரன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பார்த்த முதல் நிமிஷமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எதிர்பார்த்தது துப்பாக்கி, ரத்தம், மோட்டார் கார். திரையில் இருந்ததோ என் சின்ன வயதுக் கார்ட்டூன் படம். பழைய ஃபிலிமில் ஓடுகிற கோடும் புள்ளியும்கூட அப்படியே இருந்தன. தலைக்குப் பதில் ஒரு காப்பிக் கோப்பை, அதில் ஒரு உறிஞ்சு குழல், அரைக்கால் சட்டை, வெள்ளைக் கையுறை. எலும்பே இல்லாத ரப்பர் குழாய் மாதிரி கையும் காலும். பின்னால் டிரம்பெட்டும் பியானோவும் அமர்க்களப்படுகிற ஜாஸ்.

விளையாட்டின் பெயர் 'கப்ஹெட்'. கோப்பைத் தலையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனும் அவன் தம்பி மக்மேனும் சாத்தானுடைய சூதாட்ட விடுதியில் ஆடித் தோற்றுப்போகிறார்கள். பந்தயம் வைத்தது தங்கள் ஆத்மாவை. காலில் விழுந்து கெஞ்சியதும் சாத்தான் ஒரு வழி சொல்கிறான்: தனக்குப் பட்ட கடனைத் தராமல் ஓடிப்போனவர்களைப் பிடித்து, அவர்கள் எழுதிக் கொடுத்த பத்திரங்களை வாங்கி வர வேண்டும். ஆக அண்ணனும் தம்பியும் சாத்தானுக்கு வசூல் குமாஸ்தாக்கள். குதித்துக் குதித்துச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். கடன்காரர்களில் உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட் எல்லாம் உண்டு. வெங்காயம் அழுகிற கண்ணீர் மேலே பட்டால் நமக்கு அடி. மூன்று அடி வாங்கினால் கதை முடிந்தது, அந்தச் சண்டையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் நிறுத்தி வைத்து அங்கிருந்தே தொடர்கிற சலுகை கிடையாது.

பேரன் எனக்காக ஒரு காரியம் செய்தான். அமைப்புக்குள் போய் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினான். "தாத்தா, இப்ப படிங்க பார்ப்போம்" என்றான். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நாம் தோற்கும்போது எதிரி சொல்கிற கேலி வசனங்களை நான் படித்து அவனுக்குத் தமிழில் சொல்ல, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பள்ளியில் கற்ற பிரெஞ்சு இத்தனை காலம் கழித்து ஒரு வெங்காயத்துக்காக உதவியது.

இதை உருவாக்கியவர்களைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். கனடா நாட்டைச் சேர்ந்த சாட் மோல்டன்ஹவர், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற இரண்டு சகோதரர்கள். பெரிய கம்பெனியின் ஆட்கள் இல்லை. 2010 வாக்கில் வேலை போக மிச்ச நேரத்தில் ஆரம்பித்து, பிறகு இருந்த வேலையையும் விட்டு, வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டியிருக்கிறார்கள். சாட்டின் மனைவி மாயா, பென்சில் படங்களின் மேல் மை ஓட்டுகிற வேலையில் இறங்கினார். விளையாட்டு வெளிவந்தது 2017 செப்டம்பர் 29 அன்று. இரண்டு வாரத்திலேயே 10 லட்சம் பிரதிகள் விற்றன.

இதில் என்னைக் கட்டிப்போட்டது வேலை நடந்த விதம். கம்ப்யூட்டரில் நிமிஷத்தில் செய்யக்கூடியதை அவர்கள் காகிதத்தில் வரைந்தார்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம். அதே கணக்கில் ஒவ்வொரு அசைவையும் பென்சிலில் வரைந்து, மை தீட்டி, ஸ்கேன் செய்து, அதன் பிறகே கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுத்தார்கள். பின்னால் தெரிகிற காடும் வீடும் வாட்டர்கலரில் தீட்டியவை. இசையையும் ஆட்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஒரு நிமிஷ அசைவுக்கு 1,440 படம் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலை சுற்றியது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நானும் மையோடு வாழ்ந்தவன். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மேசைக்கு மேசை ஒரு குழி உண்டு, அதில் பீங்கான் மைக்கூடு. ஊதா மை. சர்ஜான்-மஜோர் என்கிற நிப்பைக் கட்டையில் செருகி எழுத வேண்டும். மேலே போகும்போது மெல்லிய கோடு, கீழே வரும்போது தடித்த கோடு. ஒரு சொட்டு சிந்தினால் பக்கம் முழுவதும் மறுபடி. பிறகு அரசு வேலையில் சேர்ந்து, டைப் அடிக்கிறவர் லீவு போட்ட நாளெல்லாம் கையால் ஃபேர் காப்பி எழுதியிருக்கிறேன். கடைசி வரியில் பிழை விட்டால் தலைமை எழுத்தர் ஒன்றும் பேசமாட்டார், புதுத் தாளை நீட்டுவார். அதனால் பேரன் பதினேழாவது தடவை ஒரு பூச்செடியிடம் தோற்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தபோது, எனக்கு அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நேரத்தை வீணடிக்கிறான் என்று இனி நான் சொல்லமாட்டேன். தோற்ற பிறகு வருகிற திரையில் ஒரு கோடு, எவ்வளவு தூரம் வந்தோம் என்று காட்டுகிறது. போன தடவை பாதி, இந்தத் தடவை முக்கால். அந்தக் கால் பங்குக்காக அவன் உட்கார்ந்திருந்தான்.

கடற்கரையில் மாலை நடக்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பழசைக் காட்டிக் காசு பண்றாங்க, அவ்வளவுதான்" என்றார். காசு பண்ணட்டும், கையால் உழைத்துத்தானே பண்ணுகிறார்கள் என்றேன். பழசை விற்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. சுவருக்கு மஞ்சள் அடித்துப் பிரெஞ்சில் ஒரு பெயர்ப் பலகை மாட்டிவிட்டு இரட்டை விலை கேட்கிறவர்கள் ஒரு வகை. பழைய வேலையைப் பழைய கஷ்டத்தோடு செய்கிறவர்கள் இன்னொரு வகை. மோல்டன்ஹவர் சகோதரர்கள் இரண்டாவது வகை என்பது என் கட்சி.

ஆனாலும் நண்பர் கேட்டது மனத்தில் முள்ளாக இருந்தது. அந்தப் பழசு எப்படிப்பட்ட பழசு?

விளையாட்டு பின்பற்றுவது முக்கியமாக மாக்ஸ் ஃப்ளைஷர், டேவ் ஃப்ளைஷர் என்ற சகோதரர்கள் நியூயார்க்கில் எடுத்த 1930களின் கார்ட்டூன்களை. பெட்டி பூப், பொப்பாய் எல்லாம் அவர்கள் திரைக்குக் கொண்டுவந்தவை. பொப்பாயை நான் பள்ளியில் 16 எம்.எம். புரொஜெக்டரில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பழைய மௌனப்பட வரிசைக்குப் பெயரே 'மைக்கூட்டிலிருந்து' என்பதுதான், கோமாளி ஒருவன் மையிலிருந்து எழுந்து வருவான். கப்ஹெட் வசிக்கிற தீவுக்கும் மைக்கூட்டுத் தீவு என்றே பெயர்.

1932, 33இல் அவர்கள் எடுத்த மூன்று பெட்டி பூப் படங்களில் கேப் கேலோவே என்ற கறுப்பினப் பாடகரின் குரலும் ஆட்டமும் இருக்கின்றன. அவர் ஆடுவதைப் படம் பிடித்து, அதன் மேலேயே கோடு இழுத்துப் பேயாகவும் பூதமாகவும் மாற்றினார்கள். ஒரு படத்தை யூடியூபில் பார்த்தேன். கால் தரையில் வழுக்கிக்கொண்டே போகிற அந்த நடையை இன்றைக்கும் மிஞ்ச முடியாது. அதே கேலோவே நியூயார்க்கில் புகழ்பெற்றது காட்டன் கிளப் என்ற இடத்தில். மேடையில் கறுப்பர்கள், கீழே காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் வெள்ளையர்கள். கறுப்பர்கள் ரசிகராக உள்ளே போக முடியாது. அந்தக் காலக் கார்ட்டூன்களில் கறுப்பர்களைக் கேவலமாக வரைந்தவை ஏராளம். கார்ட்டூன் பாத்திரங்கள் போடுகிற வெள்ளைக் கையுறைக்கே, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் பரிகாசம் செய்த மேடை நாடகங்களில் வேர் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கப்ஹெட்டைப் பற்றியும் இந்தக் கேள்வியைச் சிலர் எழுப்பினார்கள். சாத்தானின் விடுதியை நடத்துகிற பகடைத் தலையன் கேலோவேயை நினைவூட்டுகிறான், இந்த வரலாற்றைத் தொடாமல் அழகை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று எழுதினார்கள். விளையாட்டை எடுத்தவர்கள் அந்தக் கேவலமான படங்களை விலக்கி, கோட்டையும் வண்ணத்தையும் இசையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது சரியான தேர்வு என்றுதான் நினைக்கிறேன். அதற்காக விளையாட்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மீதிப் பாதியை யாராவது குழந்தைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்தவரை அது வீட்டில் இருக்கிற கிழவர்களின் வேலை.

அன்று சாயங்காலம் பேரனை உட்கார வைத்து கேலோவே படத்தைக் காட்டினேன். காட்டன் கிளப் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான். "இங்கயும் வொயிட் டவுன், பிளாக் டவுன்னு இருந்துச்சே. நீங்க எந்தப் பக்கம் தாத்தா?"

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பிரெஞ்சுக் காலத்து நினைவுகளை நிறைய எழுதியிருக்கிறேன். ஜூலை 14 அணிவகுப்பு, ரொட்டிக் கடை வாசனை, வாத்தியார்களின் மீசை எல்லாம் எழுதியாகிவிட்டது. எழுதாதது ஒன்று உண்டு. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருவில்தான் எங்கள் வீடு. வாய்க்காலைத் தாண்டிப் பள்ளிக்குப் போவேன். பள்ளி வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம். பேசினவன் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுப்பார்கள், தமிழ் பேசுகிற அடுத்தவனைப் பிடித்து அதை அவன் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் அது யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு ரூலரால் அடி. எனக்கு அடியைவிட மற்றவனைக் காட்டிக்கொடுத்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

அதைவிடவும் மோசம், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நான் செய்தது. எதிர்வீட்டுப் பையன் நகராட்சிப் பள்ளியில் படித்தான். கோலி விளையாடக் கூப்பிடுவான். ஒரு நாள், காலில் பூட்ஸ் இருந்த திமிரில், அவனுக்குப் புரியாது என்று தெரிந்தே பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. எனக்கு அப்போது 10 வயதுதான். ஆனால் செய்தது என்ன என்று தெரியாத வயது இல்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். பழைய நாட்களை நான் நேசிப்பது பொய் இல்லை, ஊதா மையின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஆனால் மைக்கூட்டைப் பற்றி எழுதிவிட்டு மரத்துண்டை மறைத்தால், சுவருக்கு மஞ்சள் அடிக்கிற ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அந்தக் காலம் பொற்காலம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே, அது யாருக்குப் பொன்னாக இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். நாம்தான் பயப்படுகிறோம்.

ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் பேரன் இன்னொரு கண்ட்ரோலரை என் கையில் திணித்தான். இருவர் சேர்ந்து ஆடலாமாம். நான் மக்மேன். பத்து விநாடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. செத்தவுடன் என் ஆத்மா வெள்ளையாக மேலே மிதந்து போக ஆரம்பித்தது. அது திரையை விட்டுப் போவதற்குள் கூட்டாளி எம்பித் தொட்டுவிட்டால் உயிர் திரும்பும், ஆனால் ஒரே ஒரு அடி தாங்குகிற உயிர். அவன் தன் சண்டையை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் குதித்து வந்து என்னைத் தொட்டான். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயிக்கவில்லை. கோடு பாதியைத்தான் தொட்டது.

தீபாவளிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். அதற்குள் குதிக்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும்.