1,000 படங்கள், 4 கறுப்பின இயக்குநர்கள்! எது 'கிளாசிக்' என்று முடிவு செய்வது யார்?

யூடியூப்லயோ இன்ஸ்டா ரீல்ஸ்லயோ இந்தக் காட்சியை நீங்க பார்த்திருக்கலாம். ஒரு சின்ன அறை. தரையிலிருந்து கூரை வரைக்கும் சினிமா டிஸ்க்குகள். உள்ளே ஒரு ஹாலிவுட் நடிகரோ இயக்குநரோ நின்றுகொண்டு, பிடித்த படங்களை ஒவ்வொன்றாக உருவிப் பைக்குள் போட்டுக்கொள்வார். நியூயார்க்கில் இருக்கும் 'கிரைடீரியன் கலெக்‌ஷன்' நிறுவனத்தின் அலமாரி அறை அது.

அந்த அலமாரியில் என்ன இருக்கு என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என்ன இல்லை என்று 2020 ஆகஸ்ட்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எண்ணிப் பார்த்தது. ஆயிரத்துக்கும் அதிகமான படங்கள். அதில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர்கள் 4 பேர். ஸ்பைக் லீ, சார்ல்ஸ் பர்னெட், வில்லியம் கிரீவ்ஸ், ஆஸ்கர் மிஷோ. அவ்வளவுதான்.

கறுப்பின இயக்குநர்கள் வேற நாடுகளிலிருந்து இருந்தாங்க. உதாரணமா, மார்டினிக் தீவைச் சேர்ந்த யூசான் பால்சியின் படம் இருந்தது. ஆனா ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணின் படம்கூட இல்லை.

ஒரு டிஸ்க் கம்பெனிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

கிரைடீரியன் தொடங்கியது 1984-ல். அப்போ டிவிடி கிடையாது, தட்டு சைஸ் லேசர் டிஸ்க்தான். 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' இரண்டும்தான் முதல் வெளியீடுகள். படம் ஓடும்போதே பின்னணியில் ஒரு வல்லுநர் பேசிக்கொண்டே வருவாரே, அந்த 'ஆடியோ கமென்ட்ரி' பழக்கம் 'கிங் காங்' டிஸ்க்கில்தான் ஆரம்பித்தது.

வெறும் டிஸ்க் விற்பதோடு இவங்க நிற்பதில்லை. நெகட்டிவ் எங்கே கிடக்கிறது என்று தேடி, கீறல், தூசு நீக்கி, நிறத்தையும் ஒலியையும் சரிசெய்து, பேட்டிகள், கட்டுரைகள் எல்லாம் சேர்த்துத் தருவாங்க. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முதுகில் ஒரு வரிசை எண் உண்டு. சினிமா கல்லூரி ஆசிரியர்கள் பாடம் எடுப்பதற்கும், விமர்சகர்கள் மறுபடி பார்ப்பதற்கும் கையில் கிடைக்கும் நல்ல பிரதி பெரும்பாலும் இதுதான். சென்னை பர்மா பஜாரில் உலக சினிமா டிவிடி தேடி அலைந்த தலைமுறைக்கும் இந்தப் பெயர் புதுசு கிடையாது. அந்த எண் கிடைத்துவிட்டால் படத்துக்கு 'கிளாசிக்' முத்திரை விழுந்த மாதிரி.

அந்த முத்திரை யாருக்கெல்லாம் விழுந்தது? வெஸ் ஆண்டர்சன் என்ற ஒரே இயக்குநருக்கு அப்போதே 8 படங்கள் இருந்தன. அதில் ஒன்று ராஜஸ்தானில் ரயில் பயணமாக எடுத்த 'தி டார்ஜிலிங் லிமிடெட்'. மேலே சொன்ன 4 பேரின் படங்களையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. இன்னும் ஒரு சுவாரசியம்: விண்கல்லை வெடி வைத்துத் தகர்க்கும் மைக்கேல் பேயின் 'ஆர்மகெடான்' படத்துக்கு வரிசை எண் 40. 'தரத்தை மட்டும்தான் பார்க்கிறோம்' என்று யாராவது வாதாடினால், இந்த 40-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'ரைட்ஸ் கிடைக்கல' என்ற காரணம்

இந்த மாதிரி கேள்வி எழும்போதெல்லாம் ஹோம் வீடியோ நிறுவனங்கள் சொல்லும் முதல் பதில், உரிமை கிடைக்கவில்லை என்பது. இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

சார்ல்ஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தையே எடுத்துக்கலாம். லாஸ் ஏஞ்சலீஸின் வாட்ஸ் பகுதியில், ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் குடும்பக் கதை. பர்னெட் அப்போ யுசிஎல்ஏ பல்கலைக்கழக மாணவர். வார இறுதிகளில் நண்பர்களை வைத்து, 10,000 டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம். 1977-ல் முடித்தார். 1990-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்பட வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அப்படியும் திரையரங்க வெளியீடும் கிடையாது, டிஸ்க்கும் கிடையாது. காரணம் பாட்டு. பால் ரோப்சன், டைனா வாஷிங்டன் எனப் பலரின் இசைத்தட்டுப் பாடல்களைப் படத்தில் பயன்படுத்தியிருந்தார். மாணவர் படம்தானே என்று யாரிடமும் உரிமை வாங்கவில்லை. படம் எடுக்க ஆன செலவைப் போல பதினைந்து மடங்கு, சுமார் 1,50,000 டாலர் பாட்டு உரிமைக்கு மட்டும் தேவைப்பட்டது. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் அதற்கு உதவ, 2007-ல்தான் படம் முறையாக வெளிவந்தது.

பெரிய ஸ்டூடியோ படங்களுக்கு வேறு மாதிரி சிக்கல். லேசர் டிஸ்க் காலத்தில் ஜான் சிங்கிள்டனின் 'பாய்ஸ் இன் தி ஹுட்', ஹியூஸ் சகோதரர்களின் 'மெனஸ் டூ சொசைட்டி' இரண்டும் கிரைடீரியன் வெளியீடாகவே வந்திருந்தன. டிவிடி வந்து வியாபாரம் சூடுபிடித்ததும், ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களைத் தாங்களே விற்கத் தொடங்கின. அலமாரியில் இருந்த கறுப்பின இயக்குநர்களின் எண்ணிக்கை அப்படியும் குறைந்தது.

சரி, இது ஒரு பக்கம். ஆனா ஜூலி டேஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' விஷயத்தில் இந்தக் காரணம் எடுபடாது. 1991-ல் வந்த படம். அமெரிக்காவில் பரவலாகத் திரையரங்குக்குப் போன, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இதுதான். 2004-லேயே தேசியப் பட்டியலில் இடம்பிடித்தது. கிரைடீரியன் தலைவர் பீட்டர் பெக்கர் முன்னாடி இந்தப் படம் வந்தபோது அவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அப்போது தனக்கு அந்தப் படம் புரியவில்லை, புரியவைக்கக்கூடியவர்களோடு தான் பேசவும் இல்லை என்று நியூயார்க் டைம்ஸிடம் அவரே ஒப்புக்கொண்டார்.

மழுப்பாமல் சொன்னதற்காக அவரைப் பாராட்டலாம். அதே சமயம், ரைட்ஸ், நெகட்டிவ், பட்ஜெட் எல்லாவற்றுக்கும் முன்னாடி ஒரு கட்டம் இருக்கிறது என்பதையும் அந்தப் பதில் காட்டிக்கொடுத்துவிட்டது. படத்தைப் பார்த்து 'இது வேணும்' என்று சொல்ல அந்த அறையில் யார் இருந்தாங்க என்பதுதான் அந்தக் கட்டம்.

கிரைடீரியனோடு சேர்ந்தே இயங்கும் ஜேனஸ் பிலிம்ஸ் நிறுவனத்தை 1960-களில் வில்லியம் பெக்கர், சால் டுரெல் என்ற இருவர் வாங்கினார்கள். 2020-ல் நிறுவனத்தை நடத்தியவர்கள் பீட்டர் பெக்கரும் ஜொனாதன் டுரெலும், அதாவது அவர்களது மகன்கள். ஐரோப்பா, ஜப்பான் படங்களை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்திய நிறுவனம் ஜேனஸ். பெர்க்மன், குரோசவா, ஃபெலினி என்று அப்பாக்கள் சேர்த்த சொத்துதான் அலமாரியின் அடித்தளம். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. பழக்கப்பட்ட ரசனையே போதும், அடுத்த படமும் அதே பக்கத்திலிருந்து வரும்.

மற்றவர்களால் எப்படி முடிந்தது?

இதைவிடச் சின்ன நிறுவனங்கள் அதே காலத்தில் செய்த வேலையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கினோ லார்பர் நிறுவனம் 2016-ல் 'பயனியர்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் சினிமா' என்ற 5 டிஸ்க் தொகுப்பை வெளியிட்டது. பணம், இணையத்தில் ரசிகர்களிடம் திரட்டியது. படங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் சார்ல்ஸ் மஸ்ஸர், ஜாக்குலின் ஸ்டூவர்ட் என்ற இரு சினிமா வரலாற்று ஆய்வாளர்கள். இதில் ஸ்டூவர்ட், கறுப்பின சினிமாவையே ஆய்வுத் துறையாகக் கொண்ட கறுப்பினப் பெண்.

அந்தத் தொகுப்பில் ஆஸ்கர் மிஷோவின் 'விதின் அவர் கேட்ஸ்' இருக்கிறது. 1920-ல் வந்த மௌனப் படம். மிஷோ எடுத்த 40-க்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பாலானவை தொலைந்தே போய்விட்டன. இந்தப் படமும் தொலைந்ததாகத்தான் நினைத்திருந்தார்கள். கடைசியில் ஸ்பெயினில் வேறு தலைப்போடு கிடந்த ஒரே ஒரு பிரதியிலிருந்து மீட்டெடுத்தார்கள்.

'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை 2007-ல் கொண்டுவந்ததும் 'மைல்ஸ்டோன்' என்ற குட்டி நிறுவனம்தான். கேத்லீன் காலின்ஸ் 1982-ல் எடுத்த 'லூசிங் கிரவுண்ட்' படத்தை வெளியே கொண்டுவந்ததும் அவர்களே. திரையரங்கில் வெளியாகாமலேயே முடங்கிப்போன படம் அது. காலின்ஸ் 46 வயதில் இறந்துவிட்டார். லேப்பில் கிடந்த நெகட்டிவை அவரது மகள் மீட்டுக் கொடுத்திருக்காவிட்டால், இன்னைக்கு நாம பேசுவதற்கு அந்தப் படமே இருந்திருக்காது.

டிஸ்க் வராவிட்டால் என்ன குடி முழுகிப்போச்சு, ஓடிடி இருக்கே என்று கேட்கலாம். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு நடந்த போராட்டங்களின்போது, கிரைடீரியன் தன் ஓடிடி தளத்தில் கறுப்பின இயக்குநர்களின் சில படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. அதில் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்', 'லூசிங் கிரவுண்ட்' இரண்டும் இருந்தன. ஓடிடியில் காட்டலாம், ஆனா அலமாரியில் வைக்கல! ஓடிடியில் ஒப்பந்தம் முடிந்தால் படம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். கிரைடீரியன் படங்களை வைத்திருந்த 'ஃபிலிம்ஸ்ட்ரக்' தளமே 2018-ல் மூடப்பட்டது. டிஸ்க் அப்படிப் போகாது. டிஸ்க்குக்காகச் செய்யும் மறுசீரமைப்புதான் பிறகு திரையிடலுக்கும் ஓடிடிக்கும் போகிறது.

ஒரு உதாரணம். ஷாந்தால் அகெர்மன் இயக்கிய 'ஜான் டீல்மான்' 1975-ல் வந்த படம். 2009-ல் கிரைடீரியன் டிஸ்க் வந்தது. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 10 வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 2012-ல் முதல் 40-க்குள் வந்தது. 2022-ல் முதலிடம்! டிஸ்க் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வாக்களிப்பவர்களின் எண்ணிக்கையும் பின்னணியும்கூட மாறியிருந்தது. ஆனா பார்க்கக் கிடைக்காத படத்துக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்க.

அதுக்கப்புறம் என்ன மாறியது?

நிறையவே மாறியது. 2021-ல் மார்லன் ரிக்ஸ், மெல்வின் வான் பீபில்ஸ் இருவருக்கும் தனித்தனித் தொகுப்புகள் வந்தன. ஜினா பிரின்ஸ்-பைத்வுட்டின் 'லவ் அண்ட் பாஸ்கெட்பால்' அதே வருடம். லேசர் டிஸ்க்கோடு போன 'மெனஸ் டூ சொசைட்டி'யும் திரும்பி வந்தது. 2022-ல் கேசி லெமன்ஸின் 'ஈவ்ஸ் பாயூ', ஸ்பைக் லீயின் 'மால்கம் எக்ஸ்'. 2025-ல் 'கில்லர் ஆஃப் ஷீப்' 4கே தரத்தில்.

என்னைக் கேட்டால் இதில் முக்கியமான வெளியீடு 2023-ல் வந்த செரில் டுன்யேவின் 'தி வாட்டர்மெலன் வுமன்'. 1996-ல் எடுத்த படம். கதாநாயகி ஒரு வீடியோ கடையில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். 1930-களின் படம் ஒன்றில் வேலைக்காரியாக நடித்த ஒரு நடிகையைப் பார்க்கிறாள். டைட்டிலில் அந்த நடிகைக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. யார் இவள் என்று தேடிக் கிளம்புகிறாள். நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சரியாக எதுவும் சிக்காது. படத்தில் காட்டப்படும் அந்த நடிகையின் பழைய புகைப்படங்களும் படச்சுருள்களும் படத்துக்காகவே உருவாக்கப்பட்டவை. தேடினாலும் கிடைக்காது என்பதால் டுன்யே ஒரு ஆவணத்தையே படைத்துவிட்டார். அந்தப் படம் கிரைடீரியன் அலமாரிக்கு வந்துசேர 27 வருடம் ஆனது.

ஆனால் 2020-ல் நியூயார்க் டைம்ஸ் கேட்டது படங்களின் எண்ணிக்கையை மட்டும் அல்ல, முடிவெடுக்கும் அதிகாரத்தையும்தான். 2024 மே மாதம் கிரைடீரியனும் ஜேனஸும் ஸ்டீவன் ரேல்ஸ் என்ற கோடீஸ்வரரின் கைக்கு மாறின. அவருடைய படத் தயாரிப்பு நிறுவனம் பல வருடங்களாகப் பணம் போட்டு வருவது யாருக்குத் தெரியுமா? அதே வெஸ் ஆண்டர்சனுக்கு.

அலமாரியில் இந்தியா எங்கே?

பெரும்பகுதி சத்யஜித் ராய். அதற்கும் ஒரு பின்கதை இருக்கு. 1992-ல் ராய்க்குச் சிறப்பு ஆஸ்கர் தந்தபோது அவரது படங்களின் பிரதிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று அகாடமிக்குத் தெரியவந்தது. மறுவருடம் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் 'அபு' வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் கருகின. எரிந்து மிஞ்சியதையும் அகாடமி பத்திரப்படுத்தியதால், 2015-ல் அவற்றிலிருந்து மீட்டெடுக்க முடிந்தது. வெளிநாட்டில் ஏற்கெனவே பெயர் வாங்கிய படத்துக்குத்தான் இந்த அளவு சிரத்தை கிடைக்கிறது.

தமிழ் ஒலிக்கும் படமும் அந்த அலமாரியில் இருக்கிறது. இலங்கைத் தமிழ் அகதிகளைப் பற்றிய 'தீபன்', எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது. கான் விழாவில் 2015-ல் தங்கப் பனை வென்றது, 2017-ல் கிரைடீரியன் டிஸ்க் வந்தது. இயக்குநர் ஜாக் ஓடியார், பிரெஞ்சுக்காரர். நியூயார்க் டைம்ஸ் கட்டுரை வந்த 2 மாதத்தில் கிரைடீரியன் வெளியிட்ட, கறுப்பினக் குடும்பத்தின் கதையான 'கிளாடின்' படத்துக்கும் இதே அமைப்புதான். கதை அவங்களுடையது, இயக்கியவர் வெள்ளையர்.

இன்னொரு படம், உதய் சங்கரின் 'கல்பனா'. 1948-ல் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த இந்திப் படம். 'நாட்டியப் பேரொளி' பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியது இதில்தான். மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்பு இதை மீட்டு 2012-ல் கான் விழாவில் திரையிட்டது. 2022-ல் கிரைடீரியன் வெளியிட்ட 6 படத் தொகுப்பில் இடம்பெற்றது. ஆனா கிரைடீரியனின் அமெரிக்க ப்ளூ-ரே வழக்கமாக 'ஏ' மண்டலத்துக்கானது, இந்தியா இருப்பது 'சி' மண்டலத்தில். நம்ம ஊர் சாதாரண ப்ளேயரில் போட்டால் ஓடாது. அவர்களின் ஓடிடி தளமும் அமெரிக்கா, கனடா இரண்டு நாடுகளில் மட்டும்தான்.