கருவி யாருடையது?

விலை கொடுத்து வாங்கியவனே பொருளுக்கு உரியவன் என்பது உலக வழக்கு. உழவன் தான் வாங்கிய கலப்பையைப் பேரனுக்கு விட்டுச் செல்லலாம். ஆசிரியன் தான் வாங்கிய நூலை மாணவனுக்குக் கொடுக்கலாம். கலப்பை செய்த தச்சனோ, நூலை அச்சிட்ட பதிப்பகத்தாரோ பத்தாண்டு கழிந்தபின் வாயிலில் வந்து நின்று, "இனி இது உழாது, இனி இது படிக்கத் தகாது" என்று கூறுவதில்லை. இந்தப் பழைய வழக்கு மடிக்கணினியின் முன் செல்லாக்காசாகிவிட்டது. விலை கொடுப்பவர் நாம். ஆயுள் வகுப்பவர் வேறொருவர். ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் இந்நிலையை ஆழ்ந்து எண்ண வேண்டும் எனக் கருதுகிறேன்.

கணினியின் உடல் வன்பொருள். அதனை இயக்கும் உயிர், நம் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்று கூறும் அடிப்படை மென்பொருள். அதனை ஆக்கிய நிறுவனம் காலந்தோறும் இணையவழியே திருத்தங்களை அனுப்புகிறது. இதுவே இற்றைப்படுத்தல் எனப்படுவது. திருடன் நுழையக்கூடிய துளைகளை அடைப்பதே இதன் முதல் நோக்கம். அது வேண்டாததென்று எவரும் சொல்லார். ஆயினும், கூரை வேய வந்தவன் சில வேளை சுவரை இடித்துவிடுகிறான். சில வேளை கதவையே பூட்டிவிட்டுப் போகிறான். நான் பேச வந்தது இவ்விரண்டையும் பற்றியே.

சுவர் இடிந்த கதைகள் பல. 2016 ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே பயண முகவர் நிலையம் நடத்திய ஒருவர், தம் இசைவின்றி வின்டோஸ் 10 பதியப்பட முயன்றதால் கணினி பழுதாகித் தொழில் முடங்கியதென வழக்கிட்டு, மைக்ரோசொப்ட் நிறுவனத்திடம் 10,000 டொலர் இழப்பீடு பெற்றார். 2018 ஒக்டோபரில் வெளியான வின்டோஸ் இற்றைப்படுத்தல், சிலருடைய கணினிகளிலிருந்த ஆவணங்களையே அழித்துவிட்டது. நிறுவனம் அதன் விநியோகத்தை நிறுத்தித் திருத்த வேண்டியதாயிற்று. 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'பிக் சர்' என்னும் முறைமையை ஏற்ற முயன்றபோது, 2013, 2014 ஆம் ஆண்டுகளின் மக்புக் புரோ மடிக்கணினிகள் சில கறுத்த திரையோடு நின்றன. இவை எவரும் வேண்டுமென்று செய்தவை அல்ல. ஆனால், தவறு நேர்ந்த இடம் நிறுவனம். நட்டம் நேர்ந்த இடம் வீடு.

கதவு பூட்டப்பட்ட கதை இதனினும் பெரிது. 2015 இல் வெளியான வின்டோஸ் 10 முறைமைக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளுடன் மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. அதனை அடுத்து வந்த வின்டோஸ் 11 எல்லாக் கணினிக்கும் உரியதன்று. குறித்ததொரு பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். ஆகவே 2016 இல் வாங்கிய நல்ல மடிக்கணினி, விசைப்பலகை தேயாமல், திரை மங்காமல் இருந்தும், வரிசையிலிருந்து தள்ளப்பட்டது. அன்றே அது நின்றுவிடவில்லை என்பது உண்மை. ஆயினும் துளைகள் அடைபடா. நாளடைவில் உலாவியும் பிற செயலிகளும் அதனைக் கைவிடும். இவ்வாறு ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் குப்பைமேடு சேரக்கூடும் என்று கனாலிஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 2023 இன் இறுதியிலே மதிப்பிட்டது.

பெருநகரத்துச் செல்வர்க்கு இது ஒரு செலவு, அவ்வளவே. கரம்பொன் போன்ற தீவகத்து ஊருக்கோ இது வேறு பொருள் தருவது. 1990 களின் தொடக்கத்திலே பெருந்தொகையாய் இடம்பெயர்ந்து உலகெங்கும் சிதறிய மக்களின் மண் இது. கனடாவிலும் பிரான்சிலும் வாழும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது, தாம் பாவித்த மடிக்கணினியை மருமகளுக்கும் பெறாமகனுக்கும் கொண்டுவந்து கொடுப்பது நம்மிடையே அன்பின் வழக்கம். அங்கே பழையது, இங்கே புதையல். 2022 இல் டொலரின் விலை இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்றறுபது அளவுக்கு ஏறிய பின்னர், புதிய கணினி ஓர் ஆசிரியர் தம் சம்பளத்தில் எளிதாக வாங்கக்கூடிய பொருளாக இல்லை. பழுது பார்க்க வேண்டுமாயின் வேலணை கடந்து, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்நகர் செல்ல வேண்டும். இந்நிலையில், கருவி பழுதானதென்று அன்றி, "காலம் கடந்தது" என்ற ஒரு தீர்ப்பினாலே அது ஒதுக்கப்படுமாயின், ஒதுக்கப்படுவது கருவி மட்டுமோ? உயர்தர மாணவியின் குறிப்பும், ஆசிரியரின் வினாத்தாளும், ஊர் வரலாற்றை முதியோரிடம் கேட்டுத் தொகுத்தவரின் கையெழுத்துப் படியும் அதனுள்ளே அல்லவா இருக்கின்றன!

இங்கே கரம்பொன் பெற்றெடுத்த பெருமகனின் செயலொன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1913 இல் இவ்வூரில் பிறந்த தனிநாயகம் அடிகளார், வத்திக்கான் நூல்நிலையத்திலே ஒரு பழைய அகராதியைக் கண்டார். அந்தாம் டி புரோயன்சா என்னும் பாதிரியார் தொகுத்து, அவர் மறைந்த பின்னர் 1679 இல் மலையாளக் கரையிலுள்ள அம்பலக்காட்டில் அச்சேறிய தமிழ்–போர்த்துக்கேய அகராதி அது. அடிகளார் அதனை 1966 இல் கோலாலம்பூரிலே நிழற்பதிப்பாக வெளியிட்டார். இடையே கழிந்தவை 287 ஆண்டுகள். தொகுத்தவர் இல்லை; அச்சிட்ட கூடமும் இல்லை. ஆயினும் நூலைத் திறந்த அடிகளார்க்கு எவருடைய அனுமதியும், எந்தச் சில்லும் வேண்டியிருக்கவில்லை. கண்ணும் மொழியறிவும் போதுமாயிருந்தன. பத்தாண்டுக் கருவியிலே நம் எழுத்தை வைத்துவிட்டு முந்நூறாண்டு வாழ்வை எதிர்பார்ப்பது எப்படி?

ஏடும் அழியுமே, கறையான் அரிக்குமே என்று கேட்கலாம். உண்மை. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் ஏடு தேடி அலைந்ததும் அவ்வழிவுக்கு அஞ்சியே. ஆனால் கறையானுக்கு வணிக நோக்கம் இல்லை. அது நாள் குறித்து அறிவித்தல் விடுவதுமில்லை. இயற்கை தரும் அழிவைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆணையால் வரும் அழிவைக் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

பாதுகாப்புக்காகவே பழையதை விலக்குகிறோம் என்பது நிறுவனங்களின் விடை. அதில் நியாயம் ஒரு பங்கு உண்டு. எல்லாப் பழைய கருவிக்கும் என்றென்றும் திருத்தம் எழுதிக்கொண்டிருத்தல் இயலாது. ஆயினும், துளையை அடைப்பது வேறு. புதுக் கோலம் புனைவது வேறு. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, ஏற்றால் இரண்டையும் ஏற்க வேண்டும், மறுத்தால் இரண்டையும் இழக்க வேண்டும் என்பது முறையன்று.

கேட்பவர்க்கு விடை கிடைக்காமலும் இல்லை. இற்றைப்படுத்தலால் கைப்பேசிகள் மந்தமாயின என்று கண்ட இத்தாலிய அதிகாரசபை, 2018 இல் அப்பிளுக்குப் பத்து மில்லியன் யூரோவும் சாம்சங்குக்கு ஐந்து மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. பாடசாலைக் குரோம்புக் கணினிகள் விரைவிலே காலாவதியாகின்றன என்ற குரல் அமெரிக்காவில் எழுந்தபின், 2023 செப்டெம்பரில் கூகுள் அவற்றுக்குப் பத்தாண்டு ஆதரவை அறிவித்தது. வின்டோஸ் 10 இற்கு 2026 ஒக்டோபர் வரையான நீடிப்பு அறிவிக்கப்பட்டபோது, பிற நாட்டார்க்கு முப்பது டொலர் கட்டணமோ வேறு நிபந்தனையோ இருந்தது. நுகர்வோர் அமைப்புகள் முறையிட்ட ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு அந்நிபந்தனைகள் தளர்ந்தன. அழுத பிள்ளைக்கே பால் என்பது அங்கும் உண்மை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. கணினியின் விலைச்சீட்டிலே, அதற்கு எந்த ஆண்டுவரை திருத்தம் கிடைக்கும் என்பதை விற்பவர் எழுதித் தரவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இதனைக் கட்டாயமாக்க முன்வரட்டும். பாடசாலைக்குக் கணினி கொள்வனவு செய்யும் அரசும், அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவரும் இந்த ஆண்டைப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கட்டும். நிறுவனம் கைவிட்ட கருவியைப் பிறர் பேணுவதற்குத் தடையாயுள்ள பூட்டுகளை அந்நிறுவனமே திறந்துவிட்டுச் செல்லட்டும்.

நாமே செய்யத்தக்கவையும் உண்டு. லினக்ஸ் முதலிய கட்டற்ற முறைமைகள் பழைய மடிக்கணினிகள் பலவற்றிற்கு மறுவாழ்வு தருகின்றன. அவற்றிலும் வழு உண்டு. கற்கும் உழைப்பும் உண்டு. ஆனால் புதுக்கருவி விற்கும் நோக்கத்தோடு பழையதைத் தள்ளும் கட்டாயம் அவற்றிற்கு இல்லை. கேரளத்து அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாக அவ்வழியிலே கற்பிக்கின்றன. நம் பாடசாலைகளால் ஏன் இயலாது? எழுதுவோர் பாமினி போன்ற பழைய எழுத்துருவை விட்டு ஒருங்குறியில் எழுதுக. இற்றைப்படுத்தலுக்கு முன் படியொன்று வேறிடத்தில் வைத்துக்கொள்க. ஊருக்குரிய எழுத்தாயின், 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு படி கொடுக்க. காகிதத்தில் ஒரு படி எடுத்தலும் நாணத்தக்கதன்று.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம். ஒரே இடத்தில், ஒரே பூட்டின் கீழ் அறிவை வைப்பதன் ஆபத்தை நமக்கு வேறெவரும் வந்து உணர்த்த வேண்டியதில்லை. கருவி எவருடையதாயினும் ஆகுக. அதனுள்ளே நாம் எழுதியது நம்முடையது. அதன் திறவுகோலைப் பிறர் கையில் விட்டுவைத்தல் தகாது.