கூகைக்கட்டும் தங்கச் சங்கிலியும்

பிள்ளைக்குக் கூகைக்கட்டு வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுகிறோம். போடலாம், தீங்கில்லை. அந்தச் சங்கிலியோடு புலமைப்பரிசில் வகுப்புக்கும் மத்ரஸாவுக்கும் அனுப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை. இது எச்சிலால் பரவும் வைரஸ். தங்கத்துக்கு அது கட்டுப்படாது. ஒரே தண்ணீர்ப் போத்தலில் நாலு பேர் குடிக்கும் வகுப்பறையில் என்ன நடக்கும்? கன்னம் வீங்கியபின் 5 நாட்கள் வீட்டில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்குத் தானாகவே சுகமாகும். சிலருக்குக் காது கேளாமல் போவதும், வளர்ந்த ஆண்பிள்ளைகளுக்கு விதைகள் வீங்குவதும் உண்டு. வெட்கத்தால் இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நோயுற்ற ஒட்டகங்களை நல்ல ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசி கிளினிக்கில் இலவசம், அதைத் தவறவிடாதீர்கள். முழு வரவுக்குப் பரிசு கொடுக்கும் பாடசாலைகளும் இந்த 5 நாட்களை வரவாகவே கணக்கிடட்டும்.