குடும்பம் சேர்ந்து வாழ ஆண்டுக்கு 29,000 பவுண்ட்: எங்கள் நிலைப்பாடு

பிரித்தானியப் பிரஜை ஒருவர் தம் கணவனையோ மனைவியையோ வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கு விதிக்கப்பட்டுள்ள வருமான வரம்பு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியில் முழுநேரம் உழைப்பவர் ஈட்டும் தொகைக்கு மேல் போகக் கூடாது. வரவிருக்கும் துணைவரின் உழைப்பையும், குடும்பம் தரும் ஆதரவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விசாக் கட்டணங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஆகும் செலவோடு நிற்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்கும் அமைப்பான நாங்கள் இந்த மூன்றையும் பிரித்தானிய அரசிடம் கேட்கிறோம். கூடவே, எங்கள் சமூகத்திடமும் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றையும் இந்த அறிக்கையில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் ஆலோசனைக்கு வருகின்றன. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர்கள், பலசரக்குக் கடையில் நிற்பவர்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பணிபுரியும் பெண்கள் என்று பல தரப்பினர் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ திருமணம் நடக்கிறது. எழுத்தும் (திருமணப் பதிவும்) முடிந்துவிடுகிறது, தாலியும் கட்டியாகிவிடுகிறது. அதன் பிறகு ஒருவர் இங்கேயும் மற்றவர் அங்கேயுமாக மாதங்கள் ஓடுகின்றன. தாமதத்துக்குக் காரணம் திருமணம் உண்மையானதா என்ற ஐயமாக இருந்தால் அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் ஆதாரம் இருக்கிறது. எங்களிடம் வருபவர்களுக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது சம்பளச் சீட்டில் உள்ள எண்தான்.

அந்த எண் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். 2012 ஜூலையில் முதன்முதலாக 18,600 பவுண்ட் என்ற வரம்பு கொண்டுவரப்பட்டது. ஒரு தம்பதி அரசின் வருமான உதவித்தொகைக்குத் தகுதி பெறாமல் போகும் அளவு அது என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. ஏற்றுக்கொள்ளக் கடினமாக இருந்தாலும், அதில் குடும்பச் செலவு பற்றிய ஒரு கணக்காவது இருந்தது. 2023 டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி இதை 38,700 பவுண்டாக உயர்த்தப்போவதாக அறிவித்தார். அது திறன்சார் தொழிலாளர் விசாவுக்கு வைத்த சம்பள வரம்பு. எதிர்ப்பு எழுந்ததும் படிப்படியாக உயர்த்துவோம் என்றார்கள். முதல் படியாக 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 பவுண்ட் நடைமுறைக்கு வந்தது. திறன்சார் விசாவுக்குத் தகுதியான வேலைகளின் சம்பளங்களை வரிசைப்படுத்தினால் கீழிருந்து கால் பங்கில் நிற்கும் தொகை அது. ஒரு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பொறியியலாளரை எடுப்பதற்கு வகுத்த அளவை, ஒருவர் தம் மனைவியோடு வாழ்வதற்கு அளவாக வைத்துவிட்டார்கள். குடும்பம் நடத்த எவ்வளவு தேவை என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆட்சி மாறிய பிறகு அடுத்த உயர்வுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அரசுக்கு ஆலோசனை கூறும் குடிப்பெயர்வு ஆலோசனைக் குழுவிடம் விடயம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜூனில் வெளியான அதன் அறிக்கை, குடும்பங்கள் தம்மைத் தாமே தாங்கிக்கொள்வதற்கு 23,000 முதல் 25,000 பவுண்ட் வரையிலான வரம்பு போதும் என்ற தெரிவை முன்வைத்தது. பொருளாதார நலனுக்கு முன்னுரிமை தருவதானால் 24,000 முதல் 28,000 வரை வைக்கலாம் என்றது. 38,700 என்பது குடும்ப வாழ்வுக்கான மனித உரிமையோடு மோதக்கூடும் என்றும் எச்சரித்தது. தான் நியமித்த குழுவே காட்டிய இரண்டு தெரிவுகளும் 29,000-க்குக் கீழே இருக்கும்போது, அந்த வரம்பைத் தொடர அரசிடம் என்ன நியாயம் இருக்கிறது?

கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. வாரம் 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் வேலை செய்தால் 25,397 பவுண்ட் வந்தது. அரசு நியாயமென்று நிர்ணயித்த கூலிக்கு ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 3,603 பவுண்ட் குறைந்தது. சேமிப்பைக் காட்டி ஈடுகட்டலாம் என்று விதி சொல்கிறது. குறைவை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000 பவுண்டைக் கூட்ட வேண்டும். அதாவது 25,000 பவுண்டுக்குச் சற்று அதிகமான பணம் ஆறு மாதம் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. குறைந்தபட்சக் கூலிக்காரர் தம் ஓராண்டு முழுச் சம்பளத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்ட் வேண்டும்.

யாருடைய வருமானத்தை எண்ணுகிறார்கள் என்பது இதைவிடப் பெரிய அநீதி. முதல் விண்ணப்பத்தில், இங்கே இருக்கும் துணைவரின் சம்பளம் மட்டுமே கணக்கில் வரும். வரப்போகிறவர் யாழ்ப்பாணத்தில் பத்து ஆண்டு அனுபவமுள்ள தாதியாக இருக்கலாம், கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவராக இருக்கலாம். அங்கே அவர் வாங்கும் சம்பளமும், இங்கே கிடைத்த வேலை உறுதிக் கடிதமும் கணக்கில் சேரா. அவர் வந்து இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டரை ஆண்டு கழித்து விசாவை நீட்டிக்கும்போது அவர் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஏற்கப்போகிற வருமானத்தை வாசலில் ஏன் மறுக்க வேண்டும்?

தமிழ்க் குடும்பங்கள் வாழும் முறையும் இந்த விதியின் கண்ணில் படுவதில்லை. வெம்பிளியில் பெற்றோரின் சொந்த வீட்டில் மேல்மாடி அறையில் இருக்கும் இளம் தம்பதிக்கு வாடகை இல்லை. குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ள அம்மம்மா இருக்கிறார். லண்டனில் வாடகையும் குழந்தைப் பராமரிப்புமே ஒரு குடும்பத்தின் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பது இங்கே வாழ்பவர் எல்லோருக்கும் தெரியும். அந்த இரு செலவும் இல்லாத வீட்டுக்கும், தனியாக வாடகை கட்டும் வீட்டுக்கும் ஒரே எண்தான். பெற்றோரோ சகோதரரோ தரும் ஆதரவை விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே எண்ணுகிறார்கள். 2017 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. வருமான வரம்பு என்ற கொள்கையை அது சட்டவிரோதமென்று சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளின் நலனையும் மாற்று வருமான வழிகளையும் விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் செய்த திருத்தம் கதவைச் சற்றுத்தான் திறந்தது.

அரசு தரப்பு வாதத்தையும் நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். வருகிறவர் வரிப்பணத்துக்குச் சுமையாகக் கூடாது என்கிறார்கள். ஆனால் துணைவர் விசாவில் வருபவருக்குப் பொதுவாக அரசின் பொது நிதியிலிருந்து உதவி கேட்கும் உரிமை கிடையாது. மருத்துவத்துக்கும் முன்கூட்டியே ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதார மேல்வரி கட்டிவிட்டுத்தான் வருகிறார், வந்து வேலை செய்தால் எல்லோரையும்போல வரியும் கட்டுகிறார். இந்நாட்டு வாழ்வோடு அவர் இணைய வேண்டும் என்பது இன்னொரு வாதம். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆங்கிலத் தேர்வு இருக்கட்டும். வீட்டுக்குள் அடைபடாமல் இருக்க மொழி உதவும் என்பதை எங்களிடம் வரும் பெண்களே சொல்கிறார்கள். ஆனால் கணவன் ஒரு நாட்டிலும் மனைவி வேறொரு நாட்டிலும் இருந்தால் எந்த இணைப்பும் நடக்காது.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தந்தையைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகளைப் பற்றி இங்கிலாந்தின் சிறார் ஆணையாளர் அலுவலகம் 2015-இலேயே அறிக்கை வெளியிட்டது. ‘ஸ்கைப் குடும்பங்கள்’ என்ற பெயர் அப்போதுதான் பரவியது. வரம்பு 18,600 ஆக இருந்த காலம் அது. இன்று தனியே குழந்தையோடு இருக்கும் தாய், குழந்தைக்காக நேரத்தைக் குறைத்து வேலை செய்தால் வருமானம் வரம்பைத் தொடாது. வரம்பைத் தொட நேரத்தைக் கூட்டினால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர் விசாவுக்காகக் காத்திருக்கிறார். இந்த முடிச்சில் சிக்கிய தாய்மார் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் எங்களுக்கே போதுமானதாகப் படுவதில்லை.

கட்டணத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் விகிதப்படி, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்ட், அதோடு சுகாதார மேல்வரி 3,105. நீட்டிப்புக்கு 1,321, மீண்டும் மேல்வரி 2,587.50. ஐந்தாண்டு முடிவில் நிரந்தர வதிவிடத்துக்கு 3,029. மொத்தம் ஏறத்தாழ 12,000 பவுண்ட். மொழித்தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, ஆவண மொழிபெயர்ப்பு, சொலிசிட்டர் செலவு எல்லாம் இதற்கு வெளியே. ஒரு குடும்பம் பணம் வைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அந்தக் குடும்பம் காலூன்ற வேண்டிய ஐந்தாண்டில் அந்தப் பணத்தை அரசே எடுத்துக்கொள்வது முறையல்ல.

திருமணம் உண்மையானதா என்று சோதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தச் சோதனை எவ்வளவு கீழே இறங்கக்கூடும் என்பதை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1979-இல் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருமணம் செய்ய வந்த இந்தியப் பெண்ணொருவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி வெளியாகிப் பெரும் கண்டனம் எழுந்தது. 1985-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கணவரை அழைக்கும் பெண்களுக்கு மட்டும் கடுமையான விதி வைத்தது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. பெண்களுக்கும் வழியைத் திறப்பதற்குப் பதிலாக அரசு, அந்தக் கடுமையை ஆண்களுக்கும் விரித்தது. இந்நாட்டுக்குள் வருவதே திருமணத்தின் முதன்மை நோக்கமல்ல என்று தம்பதிகள் நிரூபிக்கச் சொன்ன விதி 1997-இல்தான் நீக்கப்பட்டது. அதுவும் நீங்காது என்று பலர் நம்பிய விதிதான்.

இனி எங்கள் சமூகத்துக்கு. தமிழ்க் கடை முதலாளிமாரே, சம்பளத்தில் பாதியை வங்கியிலும் பாதியைக் கையிலும் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கைக்காசு எந்த விண்ணப்பத்திலும் வருமானமாகாது. உங்களிடம் வேலை செய்யும் தம்பி வாரம் 50 மணி நேரம் நின்றிருந்தாலும், அவர் சம்பளச் சீட்டில் 20 மணி நேரம்தான் இருந்தால் அவர் மனைவி வர முடியாது. வரி ஏய்ப்பு என்ற குற்றத்தோடு, ஒரு குடும்பத்தைப் பிரித்து வைத்த பாவமும் அதில் சேர்கிறது. வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல்: இல்லாத சம்பளத்தைக் காட்டும் போலிச் சீட்டை யார் தந்தாலும் வாங்காதீர்கள். அது பிடிபட்டால் இந்த விண்ணப்பத்தோடு முடியாது, இனி எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கேள்வியாக நிற்கும். குடிவரவு ஆலோசனை வழங்கச் சட்டப்படிப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் காசு வாங்கி ஆலோசனை சொல்வது குற்றம். தெரிந்தவர், ஊர்க்காரர் என்பது தகுதியாகாது.

இதைவிடக் கனமான விடயம் ஒன்று. ‘நான்தான் உனக்கு ஸ்பொன்சர், விசாவை ரத்துச் செய்துவிடுவேன்’ என்று மிரட்டப்படும் பெண்கள் எங்களிடம் வருகிறார்கள், சில வேளை ஆண்களும் வருகிறார்கள். அப்படி மிரட்டுபவர் சொல்வது முழு உண்மையல்ல. பிரஜையின் துணைவராக வந்து குடும்ப வன்முறைக்கு உள்ளானவர் மூன்று மாதத் தற்காலிக அனுமதியும் பொது உதவியும் கேட்கலாம். ஐந்தாண்டு முடியும்வரை காத்திராமல் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பணமில்லாதவருக்குக் கட்டண விலக்கும் உண்டு. ஊருக்குக் கூட்டிப் போய் அங்கேயே விட்டுவிட்டு வந்தால்கூட, திரும்பி வர 2024 முதல் விதிகளில் வழி இருக்கிறது. அடி வாங்கிக்கொண்டு ஐந்தாண்டைக் கடத்தும்படி எந்தப் பெரியவரும் எந்தப் பெண்ணுக்கும் புத்தி சொல்லக் கூடாது. எங்கள் அமைப்பில் அப்படிச் சொல்பவர் எவருக்கும் பொறுப்பில் இடமில்லை.

பிரஜைகளின் துணைவருக்கு ஐந்தாண்டில் நிரந்தர வதிவிடம் என்ற வழி தொடரும் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு கூறியது. மற்றவர்களுக்கான காலம் பத்தாண்டாக நீளும் என்ற பேச்சு எழுந்த நிலையில், அந்த வாக்கிலிருந்து பின்வாங்கக் கூடாது என்று வலியுறுத்துகிறோம்.

வருமான வரம்பை நிர்ணயிப்பது உள்துறை அமைச்சின் விதி மாற்றம் ஒன்றால் ஆகக்கூடிய காரியம். புதிய சட்டம் தேவையில்லை. ஆகவே உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். உங்கள் வேலை, வாரத்தில் எத்தனை மணி நேரம், எவ்வளவு குறைகிறது, எத்தனை காலமாகப் பிரிந்திருக்கிறீர்கள் என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், கூட இருந்து எழுதித் தருகிறோம்.