கார் வந்தாச்சு, சார்ஜ் எங்கே?

மின்சார கார் காஞ்சீபுரத்துக்கு அந்நிய சரக்கு அல்ல. இந்த மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாயின் கோனா 2019-லும், கிரெட்டா மின்சார கார் 2025-லும் உருவாகி விற்பனைக்கு வந்தன. ஜி.எஸ்.டி. வரியையும் 2019-லேயே 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைத்தாச்சு.

சென்னைக்குப் போய்வர சுமார் 150 கிலோ மீட்டர். ஒரு சார்ஜில் தாராளமாகப் போய் வரலாம். சிக்கல் எல்லாம் வீடு திரும்பிய பிறகுதான். நெசவாளர் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. தறிக்கே இடம் போதாத வீட்டில் காருக்கு ஏது ஷெட்? ஜன்னல் வழியே தெருவுக்கு ஒயர் இழுத்தால், மழைக்காலத்தில் போகிற வருகிற ஆளுக்கே ஆபத்து. அதுவும் சாதாரண பிளக்கில் முழுசாக ஏற ராத்திரி பூரா போதாது!

கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் கடையை விட்டு எழுந்திருக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். (வீட்டுப் பெரியவர்கள் வந்தால் மூன்று!) வேக சார்ஜருக்கு ஒரு மணி நேரம் போதும். எனவே காந்தி ரோடு ஜவுளிக் கடைப் பகுதியிலும், வரதராஜர், ஏகாம்பரநாதர் கோவில் கார் நிறுத்துமிடங்களிலும் மாநகராட்சி சார்ஜ் நிலையம் அமைக்க வேண்டும். அதற்கு முன்பே டிரான்ஸ்பார்மர் திறனை மின்வாரியம் கூட்டியாக வேண்டும். வெளியூர் கார் சார்ஜ் ஏற, தறி வீட்டு விளக்கு மங்கக் கூடாது.